பறவையும் பால்மரமும்: ஹென்றி ரிட்லியின் கதை

உங்கள் தாத்தாவோ பாட்டியோ தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்களாக இருந்தால், அவர்களிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். ஏன் விடிவதற்கு முன்பே எழுந்து வேலைக்குப் போனீர்கள்? பெரட்டுக்கு நேரத்தோடு போய் நிற்க வேண்டும், தாமதித்தால் கங்காணி ஏசுவார், வெயில் ஏறுமுன் வேலையை முடிக்க வேண்டும் என்று பல காரணங்கள் சொல்வார்கள். எல்லாமே உண்மைதான். ஆனால் அவற்றுக்கெல்லாம் முன்னால் ஒரு காரணம் மரத்துக்குள்ளேயே இருக்கிறது. இரவுக் குளிர்ச்சியில் மரத்தில் நீர் நிறைந்திருக்கும். பட்டைக்குள் பால் ஓடும் நுண்குழாய்களில் அழுத்தம் மிகுந்திருக்கும். அந்த நேரத்தில் சீவினால் பால் தாராளமாக வடியும். வெயில் ஏறி, இலைகள் நீரை வெளியேற்றத் தொடங்கியதும் அழுத்தம் தளர்ந்துவிடும். மங்கில் விழும் பாலும் குறைந்துவிடும்.

எந்த நேரத்தில் வெட்டினால் பால் கூடுதலாக வரும், எவ்வளவு ஆழம் வெட்டலாம், எத்தனை நாளுக்கு ஒரு முறை வெட்டலாம் என்பதையெல்லாம் சிங்கப்பூரில் ஒரு பூங்காவில் நின்று, மரத்துக்கு மரம் பார்த்துக் குறித்துவைத்தவர் ஹென்றி நிக்கலஸ் ரிட்லி. இந்நாட்டுத் தமிழர்களின் நூறாண்டு வாழ்க்கைக்கும் அவருக்கும் உள்ள தொடர்பு நெருக்கமானது. ஆனாலும் நம் வீடுகளில் அவர் பெயரை அறிந்தவர்கள் மிகச் சிலரே.

ரிட்லி 1855 டிசம்பர் 10-ஆம் தேதி இங்கிலாந்தின் நார்ஃபோக் வட்டாரத்தில் பிறந்தார். தந்தை ஒரு பாதிரியார். ஆக்ஸ்ஃபோர்டில் படித்து முடித்தபின், 1880-இல் லண்டனில் உள்ள பிரிட்டிஷ் அரும்பொருளகத்தின் தாவரவியல் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே வேலை என்பது, உலகின் பல மூலைகளிலிருந்து வந்துசேரும் காய்ந்த செடிகளைத் தாளில் ஒட்டி, பெயர் எழுதி, அடுக்கிவைப்பது. எட்டு ஆண்டுகள் அதைச் செய்தார். 1887-இல் மட்டும் பிரேசில் கரைக்கு அப்பாலுள்ள ஃபெர்னாண்டோ டி நொரோன்யா என்ற சிறு தீவுக்குப் போய், செடிகளை உயிரோடு பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. அடுத்த ஆண்டே, நீரிணைக் குடியிருப்புகளின் பூங்காக்களுக்கும் காடுகளுக்கும் பொறுப்பான பதவி காலியானபோது அதற்குத் தேர்வாகி, சிங்கப்பூருக்குக் கப்பல் ஏறினார். சிங்கப்பூர், மலாக்கா, பினாங்கு மூன்றும் அவர் பொறுப்பில் வந்தன. அப்போது அவருக்கு வயது 32.

சிங்கப்பூர்த் தமிழர்கள் பூமலை என்று அழைக்கும் தாவரவியல் பூங்கா அப்போதே கிட்டத்தட்ட முப்பது வயதை எட்டியிருந்தது. ஏரியும் புல்வெளியும் பாண்டு வாத்திய மேடையும் கொண்ட அழகான இடம். மாலையில் வெள்ளைக்காரக் குடும்பங்கள் குதிரை வண்டியில் வந்து காற்று வாங்குவார்கள். சிறிய விலங்குக் காட்சியகம் ஒன்றும் இருந்தது. அதையும் ரிட்லிதான் கவனிக்க வேண்டும். பூங்காவுக்குள்ளேயே வெட்டப்படாத இயற்கைக் காட்டின் ஒரு துண்டும் எஞ்சியிருந்தது. இன்றும் அது அங்கே இருக்கிறது.

பூங்காவைத் தாண்டினால் காட்சி வேறு. அதற்கு முந்தைய ஐம்பது அறுபது ஆண்டுகளில் கம்பீரும் மிளகும் பயிரிடுவதற்காகச் சிங்கப்பூர்க் காடுகள் பெரும்பாலும் அழிக்கப்பட்டிருந்தன. கம்பீர் இலையைக் காய்ச்ச விறகு வேண்டும். அதற்காகத் தோட்டத்தைச் சுற்றியிருந்த காட்டையும் வெட்டினார்கள். சில ஆண்டுகளில் மண் சத்திழந்ததும், அந்த இடத்தைக் கைவிட்டு அடுத்த காட்டுக்கு நகர்ந்தார்கள். கைவிட்ட இடமெல்லாம் லாலாங் புல் மூடியது. அந்தப் புல் மேடுகளுக்கு நடுவே புக்கிட் தீமா போன்ற ஒருசில இடங்களில் மட்டும் பழைய காடு தீவுபோல் நின்றது. ரிட்லி வந்து பார்த்த சிங்கப்பூர் அதுதான்.

லண்டனில் காய்ந்த இலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர் இங்கே கண்ணில் பட்டதையெல்லாம் பார்க்கத் தொடங்கினார். செடி கொடி மட்டுமல்ல. பறவை, வௌவால், எறும்பு, புழு எதையும் விடவில்லை. 1897-இல் மலாய்ச் செடிப் பெயர்களைத் திரட்டி வெளியிட்டார். மெராந்தி, மஹாங் என்று கிராமத்து மக்கள் சொல்லும் பெயர்களுக்கு உரிய தாவரவியல் பெயர்களைச் சேர்த்துக் கொடுத்த தொகுப்பு அது. காட்டைப் பற்றி அவர் கற்றதில் ஒரு பெரும்பங்கு அந்தக் கிராமத்து மனிதர்களிடமிருந்து வந்தது என்பதை அந்தத் தொகுப்பே காட்டுகிறது. செடிகளை வரைந்து வைக்க, இலங்கையைச் சேர்ந்த டி ஆல்விஸ் குடும்பத்து ஓவியர்கள் பூங்காவில் பணியாற்றினார்கள்.

அடுத்த ஆண்டு, 1898-இல், பூங்காவில் காணும் பறவைகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். அதற்காக அவர் எங்கும் பயணம் போகவில்லை. தினமும் தாம் நடந்து திரிந்த இடத்தில், பத்தாண்டுகளாகக் கண்ணில் பட்ட பறவைகளைத்தான் எழுதினார். இதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். இன்று சிங்கப்பூரில் எந்தப் புளோக்கின் கீழே நின்றாலும் காதைப் பிளக்கும் ஜாவா மைனா, ரிட்லி காலத்தில் அங்கே கிடையாது. அது 1920-களில் கொண்டுவரப்பட்ட பறவை. வீட்டுக் காகமும் அவருக்குப் பிந்திய வரவுதான். மாறாக, இனிமையாகப் பாடும் முராய் என்ற குண்டுகரிச்சான் அன்று தோட்டந்தோறும் காணப்பட்ட மிகச் சாதாரணப் பறவை. பிற்காலத்தில் கூண்டுக்காகப் பிடிக்கப்பட்டும் வேறு காரணங்களாலும் அது சிங்கப்பூரில் அரிதாகிவிட்டது. எது வந்தது, எது போனது என்று இன்று நம்மால் சொல்ல முடிகிறதென்றால், யாரோ ஒருவர் அன்று சாதாரணப் பறவையையும் மதித்து எழுதிவைத்ததால்தான். அரிய பறவையைப் பார்த்தவர்கள் எல்லாரும் எழுதுவார்கள். சிட்டுக்குருவியை எழுதுகிறவர்கள் குறைவு.

பறவைகளைப் பார்த்தபோது அவரை அதிகம் ஈர்த்தது அவை எதைத் தின்கின்றன, தின்றபின் விதை எங்கே போகிறது என்பதுதான். மலாய்க்காரர்கள் மெர்பா என்று அழைக்கும் கொண்டைக்குருவி சிறு பழங்களை விழுங்கிவிட்டு வேறு மரத்தில் போய் அமர்ந்து எச்சமிடும். வேலி ஓரத்தில் யாரும் நடாத செடிகள் வரிசையாக முளைப்பது இதனால்தான். கட்டைவிரல் அளவே உள்ள மலர்கொத்திக் குருவி புல்லுருவிப் பழத்தைத் தின்னும். அதன் விதை பசைபோல் ஒட்டும் தன்மையுடையது. எச்சத்தோடு கீழே விழாமல் கிளையிலேயே ஒட்டிக்கொண்டு, அங்கேயே வேர்விடும். மெராந்தி வகை மரங்களின் விதைகளுக்கோ இறக்கை உண்டு. அவை காற்றில் சுழன்று சுழன்று இறங்குவதைப் பார்த்தால் வெகுதூரம் போகும் என்று நினைப்போம். ஆனால் பெரும்பாலானவை தாய்மரத்தின் அருகிலேயே விழுந்துவிடுகின்றன. மரம் பூக்கவோ பல ஆண்டுகள் ஆகும். அப்படியானால் இந்தக் காடு ஒரு மலையிலிருந்து அடுத்த மலைக்குப் பரவ எத்தனை ஆயிரம் ஆண்டுகள் ஆகியிருக்கும்? ரிட்லி உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தார். ஒரு முறை அழித்த காடு நம் காலத்தில் தானாகத் திரும்பாது என்பது இந்தக் கணக்கிலிருந்தே புரியும்.

இனி ரப்பருக்கு வருவோம். 1876-இல் ஹென்றி விக்ஹாம் என்பவர் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தாவரவியல் பூங்காவுக்குக் கொண்டுவந்தார். அவற்றில் முளைத்தவை சுமார் 2,700 மட்டுமே. கன்றுகளில் பெரும்பகுதி இலங்கைக்கு அனுப்பப்பட்டது. 1877-இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அவற்றில் சில பூமலையில் நடப்பட்டன. ஒன்பது கன்றுகளைப் பேராக்கின் கோலகங்சாருக்குக் கொண்டுபோய் நட்டார்கள். அந்தக் காலத்து மரம் ஒன்றைக் கோலகங்சாரில் மாவட்ட அலுவலகத்தின் அருகே இன்றும் காணலாம். வழியில் போனால் இறங்கிப் பாருங்கள்.

ரிட்லி பொறுப்பேற்றபோது பூங்காவில் ஒரு சில பெரிய ரப்பர் மரங்களும், பராமரிப்பின்றி நின்ற கன்றுகளும் இருந்தன. இந்த மரத்தில் பால் இருக்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும். அதை எப்படி எடுப்பது என்பதுதான் சிக்கல். பிரேசில் காடுகளில் சிறு கோடரியால் மரத்தைக் கொத்திப் பால் எடுத்தார்கள். வெட்டு கட்டைவரை இறங்கும். காயம் முடிச்சு முடிச்சாக ஆறும். அதே இடத்தில் மறுபடி வெட்ட முடியாது. காட்டில் ஆயிரக்கணக்கில் மரம் இருக்கும்போது அது பெரிய குறையாகத் தெரியாது. காசு போட்டு, நிலம் திருத்தி, ஆறேழு ஆண்டுகள் காத்திருந்து வளர்த்த மரத்தை அப்படிக் கொத்திக் கெடுக்க முடியுமா?

ரிட்லி பட்டையை உற்றுப் பார்த்தார். பால் ஓடும் குழாய்கள் எல்லாம் பட்டையிலேயே இருக்கின்றன, கட்டையில் இல்லை. பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே மெல்லிய வளர்படலம் ஒன்று உண்டு. மரத்துக்குப் புதுப் பட்டையைத் தருவது அதுதான். அந்தப் படலத்தைத் தொடாமல் பட்டையை மட்டும் சீவினால் மரத்துக்குக் கேடில்லை. சீவிய இடத்தில் சில ஆண்டுகளில் மீண்டும் பட்டை வளர்ந்துவிடும். அதோடு, ஒவ்வொரு முறையும் புதிதாகக் காயப்படுத்த வேண்டியதில்லை. முன்பு வெட்டிய கோட்டின் ஓரத்திலேயே மெல்லிய சீவல் ஒன்றை எடுத்தால் போதும். பால் மீண்டும் வடியும். அடுத்தடுத்துச் சீவும்போது பால் குறைவதற்குப் பதிலாகக் கூடியது. ஏறக்குறைய அதே காலத்தில் இலங்கையில் ஆய்வு செய்தவர்களும் இதைக் கண்டார்கள். நடுவில் நேர்க்கோடு, இருபுறமும் சாய்ந்த வெட்டுகள், அடியில் ஒரு கோப்பை என்று மீன்முள் வடிவத்தில் வெட்டும் முறையை ரிட்லி வகுத்தார். 1890-களின் இறுதிக்குள் முறை தெளிவாகிவிட்டது. மீன்முள் பிற்காலத்தில் ஒற்றைச் சாய்வு வெட்டாக மாறியது. ஆனால் படலத்தைத் தொடாமல் மெல்லியதாகச் சீவு என்ற விதி மாறவில்லை. கட்டையைக் காயப்படுத்திய தொழிலாளியைத் தண்டல்காரர் ஏசுவது வழக்கம் என்று தோட்டத்தில் வாழ்ந்தவர்கள் சொல்வார்கள். அந்த ஏச்சுக்கு ஆதாரம் இந்த ஆய்வுதான்.

முறை கிடைத்துவிட்டது, நடத்தான் ஆளில்லை. அக்காலத் தோட்ட முதலாளிகளுக்குக் காப்பிதான் உயிர். ரப்பரை நட்டுவிட்டு ஆறேழு ஆண்டுகள் வருமானமின்றி யார் காத்திருப்பது? அவர்களைக் குறை சொல்ல முடியாது. கடன் வாங்கித் தோட்டம் போட்டவர்களின் பயம் நியாயமானதே. ஆனால் ரிட்லி விடவில்லை. கோட்டுப் பைகளில் ரப்பர் விதைகளை நிரப்பிக்கொண்டு, சந்திக்கும் தோட்டக்காரர்களின் கையில் திணித்தார் என்று சொல்லப்படுகிறது. பைத்தியக்கார ரிட்லி என்று பட்டப்பெயரே விழுந்தது. ரப்பரில் நேரத்தை வீணாக்குவதாக மேலிடத்திலும் அதிருப்தி இருந்தது.

முதலில் துணிந்தவர் வெள்ளைக்காரர் அல்லர். மலாக்காவைச் சேர்ந்த டான் சாய் யான் என்ற சீன வணிகர். ரிட்லியின் பேச்சைக் கேட்டு 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் சுமார் 40 ஏக்கரில் ரப்பர் நட்டார். சில ஆண்டுகளில் பிரேசில் காப்பி உலகச் சந்தையில் குவிந்து விலை சரிந்தது. இங்கே பூச்சிகளும் காப்பியைக் கெடுத்தன. இன்னொரு பக்கம், ரிட்லி சிங்கப்பூர் வந்த அதே 1888-இல் டன்லப் காற்றடைத்த டயருக்கு உரிமை பெற்றிருந்தார். முதலில் சைக்கிள், பிறகு மோட்டார் வண்டி என்று ரப்பருக்குத் தேவை பெருகியது. சிரித்தவர்கள் விதை கேட்டுப் பூமலைக்கு வந்தார்கள். பூங்கா இலட்சக்கணக்கில் விதைகளை விற்றது. 1910-இல் ரப்பர் விலை உச்சத்தைத் தொட்டது. 1920 அளவில் உலக ரப்பரில் ஏறக்குறைய பாதி மலாயாவிலிருந்து போனது.

அவ்வளவு மரத்தையும் வெட்ட ஆள் வேண்டுமே. தமிழகத்துக் கிராமங்களிலிருந்து கங்காணிகள் ஆள் திரட்டினார்கள். 1907-இல் இந்தியக் குடியேற்றக் குழு அமைக்கப்பட்டு, கப்பல் செலவுக்கு நிதியும் ஏற்படுத்தப்பட்டது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் ஏறியவர்கள் பினாங்கில் இறங்கினார்கள். லயங்கள் எழுந்தன, கோயில்கள் எழுந்தன, தோட்டப் பள்ளிகள் எழுந்தன. பூமலையில் ஒருவர் பட்டையைச் சீவிப் பார்த்ததிலிருந்து இவ்வளவும் தானாக வந்தது என்று சொன்னால் அது மிகை. விலை, முதலீடு, வெள்ளையர் ஆட்சி, ஊரில் பஞ்சம் எல்லாம் சேர்ந்ததுதான் அந்தக் கதை. கூலி எவ்வளவு, லயத்தில் எத்தனை பேர் என்பதெல்லாம் ரிட்லியின் ஆய்வில் வராத கேள்விகள். அவர் மரத்தைப் பார்த்தார். மரத்தடியில் வாளியோடு நிற்கப் போகிறவர்களைப் பற்றி யோசிக்க வேண்டியவர்கள் வேறு இடங்களில் இருந்தார்கள். அவர்களும் அதிகம் யோசிக்கவில்லை.

அவர் நேசித்த காட்டுக்கு நேர்ந்ததும் கவனிக்க வேண்டியது. காடுகளைக் காப்பது அவருடைய பதவியின் ஒரு பகுதி. சிங்கப்பூரின் ஒதுக்கப்பட்ட காடுகளில் திருட்டு மரவெட்டையும் தீயையும் தடுக்கப் பாடுபட்டார். ஆனால் 1890-களின் நடுவில் சிக்கனம் என்ற பெயரில் அந்தக் காடுகளின் நிர்வாகம் நிலவரி அதிகாரியிடம் மாற்றப்பட்டது. அதே வேளையில் தீபகற்பத்தில் அவர் கொடுத்த விதைகளுக்கு இடம் வேண்டி, மெராந்தியும் கெருயிங்கும் நின்ற தாழ்நிலக் காடுகள் ஆயிரம் ஆயிரம் ஏக்கராக விழுந்தன. மெராந்தி விதை எவ்வளவு மெதுவாக நகரும் என்று கணக்குப் போட்ட அதே மனிதரின் கைவிதைகள்தான் அந்தக் காட்டை அவ்வளவு வேகமாக அகற்றின. காடு மறைவதற்குள் அதில் உள்ளதையாவது எழுதிவைத்துவிட வேண்டும் என்பதுபோல, அவர் பேராக் மலைகளிலும் பகாங்கிலும் கிறிஸ்துமஸ் தீவிலும் அலைந்து ஆயிரக்கணக்கில் செடி மாதிரிகளைச் சேகரித்தார்.

அந்த ஆண்டுகளில் அவர் கைக்கு வந்த இன்னொரு செடியும் உண்டு. சிங்கப்பூரில் வாழ்ந்த ஆர்மீனியப் பெண்மணி ஆக்னஸ் ஜோக்கிம் தம் தோட்டத்தில் மலர்ந்த புது ஆர்க்கிட் ஒன்றை அவரிடம் காட்டினார். இரண்டு வகை வாண்டாக்களின் கலப்பு அது என்று கண்டு, 1893-இல் அந்தப் பெண்மணியின் பெயராலேயே ரிட்லி அதை உலகுக்கு அறிவித்தார். வாண்டா மிஸ் ஜோக்கிம் 1981-இல் சிங்கப்பூரின் தேசிய மலரானது.

இருபத்து மூன்று ஆண்டுகள் பூமலையை நடத்திவிட்டு ஓய்வு பெற்ற ரிட்லி, கியூ பூங்காவின் அருகே குடியேறினார். ஓய்வு என்பது பேருக்குத்தான். தினமும் கியூவின் உலர்தாவரத் தொகுப்பறைக்குப் போய், மலாயாவில் தாம் சேகரித்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து எழுதினார். 1922 முதல் 1925 வரை மலாய்த் தீபகற்பத்தின் தாவரங்களைப் பற்றிய அவருடைய நூல் ஐந்து பாகங்களாக வெளிவந்தது. இப்பகுதித் தாவரங்களை ஆராய்கிறவர்கள் இன்றும் அதைப் புரட்டுகிறார்கள். பிறகு 1930-இல், விதைகள் எப்படிப் பரவுகின்றன என்பதைப் பற்றி எழுநூறு பக்கங்களுக்கு மேல் ஒரு நூல். காற்று, ஆறு, கடல், வௌவால், எறும்பு, மனிதர் என்று ஒன்றையும் விடவில்லை. கொண்டைக்குருவியும் மலர்கொத்தியும் இருவாட்சியும் தின்ற பழங்களின் கதை அதில் இருக்கிறது. அப்போது அவருக்கு வயது 74.

ரப்பர் விதையும் தன் வழியில் பரவுகிற விதைதான். காய் முற்றியதும் வெயிலில் படீரென்று வெடித்து, கொட்டைகளைத் தூர எறியும். அந்தச் சத்தத்தைக் கேட்டு ஓடிப் பொறுக்கி, சிமெண்டுத் தரையில் சூடேறத் தேய்த்து, பக்கத்தில் இருப்பவன் கையில் வைத்து அலறவிட்ட விளையாட்டைத் தோட்டத்துப் பிள்ளைகள் மறந்திருக்க மாட்டார்கள்.

1955 டிசம்பரில் ரிட்லிக்கு நூறு வயது நிறைந்தது. அவர் கையில் தொடங்கிய தொழில் அப்போதும் மலாயாவுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தது. அடுத்த ஆண்டு அக்டோபர் 24-ஆம் தேதி அவர் கியூவிலுள்ள தம் வீட்டில் காலமானார். எண்பது ஆண்டுகளுக்கு முன் விக்ஹாமின் விதைகள் முளைவிட்ட பூங்கா, அந்த வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில்தான் இருந்தது.